அம்மாயிக்கு மூன்று டிவிடி

நான் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது இலங்கை மலையகத்தில், டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஆகஸ்ட் லீவில் மூன்று வாரம் ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதால் அவரால் வர முடியவில்லை. பதிலாக ஒரு வருஷமாகத் தன்னை வீடியோ எடுக்கச் சொல்லிச் சேர்த்து வைத்திருந்தார். அடுப்படியில் நின்று பேசுவது, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள், தோட்டத்தில் அவரே போட்ட மிளகாய்ச் செடி, எல்லாம் அதில் உண்டு. "அம்மாயிகிட்டக் காட்டிட்டு அப்பிடியே திருப்பிக் கொண்டுவந்துறாத. அங்கேயே வச்சிட்டு வா" என்பதுதான் எனக்கு இட்ட வேலை. அம்மாயி என்றால் அம்மாவின் அம்மா.

எங்கள் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், பள்ளத்தில் இருக்கிறது. சிக்னல் வேண்டுமென்றால் மாரியம்மன் கோயில் முடுக்குவரை ஏற வேண்டும். அம்மாயியால் இப்போது அந்தப் படிகளை ஏற முடியாது. மாமாவின் போன் காலையில் மாமாவோடு வேலைக்குப் போய்விடும். வீட்டில் இருப்பது பழைய டியூப் டிவி ஒன்றும், சின்ன மாமா கல்யாணத்தின்போது வாங்கிய டிவிடி பிளேயர் ஒன்றும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் இணைத்திருக்கிறார்கள். அம்மாயிக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்த ரிமோட்டில் எந்தப் பட்டனை அமுக்கினால் படம் ஓடும் என்று நன்றாகத் தெரியும். சின்ன மாமாவின் கல்யாண டிவிடியை யாரையும் கேட்காமல் தானே போட்டுப் பார்ப்பார். அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன், அம்மாவையும் டிவிடியில்தான் போட வேண்டும் என்று.

என் லாப்டாப்பில் டிவிடி டிரைவ் கிடையாது. இப்போது வரும் மெல்லிய லாப்டாப் எதிலும் அநேகமாகக் கிடையாது. முதலில் பென் டிரைவை பிளேயரின் முன்பக்கத்தில் குத்திப் பார்த்தேன். பைல் பெயர் வந்தது, படம் வரவில்லை. போன் எடுக்கும் எம்பி4 வீடியோ இந்தப் பழைய பிளேயர்களுக்குப் புரியாது. அவற்றுக்கு எம்பெக்-2 என்ற பழைய முறையில், வீடியோ_டிஎஸ் என்ற போல்டருக்குள் இருந்தால்தான் ஓடும்.

இது அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை. அதனால் ஹட்டன் டவுனில் போட்டோ கொப்பியும் போன் ரீலோடும் செய்யும் ஒரு கடைக்குப் போய், "இதை டிவிடி அடிச்சுத் தாங்க" என்றேன். அந்தப் பிள்ளை பைல்களை இழுத்து டிவிடியில் போட்டு ஐந்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டது. மழையில் நனைந்து வீட்டுக்கு வந்து போட்டால் 'நோ டிஸ்க்' என்று வந்தது. அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்து முந்தானையில் துடைத்து மறுபடி போட்டார். மறுபடியும் அதேதான். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைப் பிள்ளை மேல் குற்றமில்லை. நான் கேட்டதை அது செய்தது. பைலைக் கொப்பி பண்ணிய டிவிடி கம்பியூட்டருக்கு. பிளேயரில் ஓடும் டிவிடி வேறு. கடையில் நீங்கள் சொல்ல வேண்டியது "டிவிடி பிளேயரில் ஓடுற மாதிரி" என்பதை. அதைவிட நல்லது, அந்த மாற்றும் வேலையை நீங்களே முடித்துக்கொண்டு போவது. அதற்கு டிரைவ் தேவையில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் உட்கார்ந்து, போன் டேட்டாவில் டிவிடி ஸ்டைலர் என்ற இலவச மென்பொருளை இறக்கினேன். ஊருக்கு வருகிறவர்கள் இதை விமானம் ஏறும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். வீடியோக்களை அதில் வரிசையாகப் போட்டு, கடைசியில் தட்டில் எழுதுவதற்குப் பதிலாக ஐஎஸ்ஓ என்ற ஒரே பைலாகச் சேமிக்கலாம். முழு டிவிடியும் அந்தப் பைலுக்குள் இருக்கும். எழுதும் டிரைவ் உள்ள எந்தக் கடையிலும் அதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

அதில் சில இடங்களில் நிதானமாகத் தேர்வு செய்ய வேண்டியிருந்தது. டிவியில் படம் காட்டும் முறை கனடாவில் என்டிஎஸ்சி, இலங்கையில் பால் (PAL). புது பிளேயர்கள் இரண்டையும் காட்டும், பழைய டியூப் டிவியில் என்டிஎஸ்சி போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகலாம், உருளலாம். அதனால் பால் தேர்ந்தேன். எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் ரீஜன் கோட் பற்றிக் கவலை வேண்டாம், நாமே செய்யும் டிவிடிக்கு அது இல்லை. மெனு வைக்கவில்லை. தட்டைப் போட்டதும் அம்மா பேசத் தொடங்க வேண்டும், அம்மாயி அம்புக்குறியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு தட்டில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், கம்பியூட்டரில் அது 4.37 என்றுதான் தெரியும். இரண்டு மணி நேரம்வரை படம் நன்றாக வரும். அதற்கு மேல் திணித்தால் முகங்கள் கட்டம் கட்டமாகிவிடும். அம்மாவின் முகத்தை அப்படிக் காட்ட மனம் வராமல் மூன்று தட்டாகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் மாறி முடிய ஓர் இரவு ஆனது.

ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் போடப் போனால் 'பைல் பெரிது' என்று மறுத்தது. 32 ஜிபி பென், பைல் 4.3 தான். பென் பேட்32 என்ற சேமிப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிப் பைலை ஏற்காது. என்டிஎப்எஸ்சுக்கு மாற்றியதும் ஏறியது. மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக் கம்பியூட்டர்களில் வைரஸும் இருக்கும். ஒரிஜினல் வீடியோ உள்ள பென்னை எந்தக் கடையிலும் குத்த வேண்டாம்.

இந்த முறை ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா வீடியோ எடுக்கிறவர்கள்.

"ஐஎஸ்ஓ கொண்டாந்தீங்களா அண்ணே? அப்ப லேசு" என்றார் அங்கிருந்த தம்பி. எழுதும் வேகத்தை 4 என்று வைத்துப் போட்டார், ஒரு தட்டுக்குக் கால் மணி நேரம். "மெதுவா எழுதுனா பழைய பிளேயர் நல்லா புடிச்சிக்கும்" என்றார். முதல் தட்டு வெளியே வந்ததும் அதை டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துக் காட்டினார். ஊதா நிற அடிப்பக்கத்தில் உள்ளிருந்து வெளியே எழுதிய பகுதி ஒரு நிறமாகவும், ஓரத்தில் எழுதாமல் விட்ட மெல்லிய வளையம் வேறு நிறமாகவும் தெரிந்தது. அப்புறம் தன் கடைப் பிளேயரில் போட்டு, நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்த பிறகே கவரில் போட்டார். இப்படிப் பார்த்துத் தரும் கடையைத்தான் தேட வேண்டும். மூன்றாவது தட்டு எழுதும்போது எனக்குக் கடைசி பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. 8 வேகத்தில் போடச் சொன்னதும் நான், ஓட்டிப் பார்க்காமல் வாங்கி வந்ததும் நான்.

அன்று இரவு அம்மா திரையில் வந்ததும் அம்மாயி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். "மெலிஞ்சிட்டா" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. லயத்தில் மற்றக் காம்பரா வீட்டுக்காரர்களும் இஸ்தோப்பு என்ற முன் திண்ணையில் வந்து நின்று பார்த்தார்கள். இரண்டு மணி நேரமும் யாரும் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி டவுனுக்குப் போய் மூன்றுக்கும் இன்னொரு பிரதி எடுத்தேன், எல்லாம் 4 வேகத்தில். அம்மாயி அவற்றைத் தன் தகரப் பெட்டியில், ஈபிஎப் என்ற சேமலாப நிதிக் கடிதங்களுக்கும் அடையாள அட்டைக்கும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தட்டின் மேல் பேப்பர் ஒட்ட வேண்டாம், மார்க்கரில் எழுதினால் போதும் என்று தம்பி சொல்லியிருந்தார். எழுத்து அவருக்கு உதவாது என்பதால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று போட்டேன்.

அடுத்த முறை யூஎஸ்பியில் குத்தும் வெளி டிவிடி ரைட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு போவேன். கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பார்த்துவிட்டு மலைக்கு ஏறலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா கோயில் முடுக்கிலிருந்து போன் பண்ணினார். மூன்று புள்ளித் தட்டில் கடைசிப் பத்து நிமிஷம் நின்று நின்று போகிறதாம். அவசரத்தில் 8 வேகத்தில் எழுதியது அதுதான். கடைசி நிமிஷங்கள் தட்டின் வெளி ஓரத்தில் விழும், கோளாறும் அங்கேதான் முதலில் வரும். பெட்டியில் இருப்பதை எடுத்துப் போடச் சொன்னேன். அம்மாயி அதை அன்று காலையிலேயே எடுத்துப் போட்டுவிட்டாராம். நன்றாக ஓடுகிறதாம்.