எல்க் மான்களை எண்ண எது சரி: ஹெலிகாப்டரா, ரேடியோ காலரா, புழுக்கையா?

அமெரிக்காவின் கென்டக்கியில் 1997 முதல் 2002 வரை, மேற்கே உள்ள மாநிலங்களிலிருந்து 1,500-க்கும் மேற்பட்ட எல்க் மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். விட்டது எத்தனை என்பதற்குக் கணக்கு உண்டு. அவை பெருகி மலையெங்கும் பரவிய பிறகு எத்தனை என்பதுதான் சிக்கல். வேட்டைக்கு எத்தனை அனுமதி கொடுப்பது என்பதே அந்த எண்ணைப் பொறுத்தது.

ஹெலிகாப்டர் கணக்கு மேற்கு மாநிலங்களில் பழகிய வழி. பனி மூடிய வெட்டவெளியில் பெரிய கூட்டம் எளிதில் கண்ணில் படும். மரத்தடியில் தனியாக நிற்கும் ஆண் தப்பிவிடும். கூட்டத்தின் அளவு, மர அடர்த்தி இரண்டையும் வைத்து, தவறவிட்டதைச் சேர்த்துக் கணக்கிட ஐடஹோவில் 1980-களிலேயே சூத்திரம் உருவாக்கினார்கள். கென்டக்கியில் பழைய நிலக்கரிச் சுரங்கங்களை மூடி உண்டாக்கிய புல்வெளியில் மேய்பவை தெரியும். சரிவுக் காட்டுக்குள் போனவை? அங்கே எந்தச் சூத்திரமும் திணறும்.

ரேடியோ காலர் என்பது மானின் கழுத்தில் மாட்டும், இருக்குமிடத்தைச் சமிக்ஞையால் காட்டும் பட்டை. அதன் கணக்கு எளிது. 50 மான்களுக்குக் காலர் போட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பறந்து பார்க்கும்போது தெரிந்த 200 மான்களில் 25-க்குக் காலர் இருந்தால், பாதிதான் கண்ணில் பட்டிருக்கிறது. ஆக மொத்தம் சுமார் 400. ஆனால் காலர் போட்டவை எல்லாம் ஒரே பெண்மான் கூட்டத்தில் இருந்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். காலரின் கூடுதல் லாபம், ஆண்டுக்கு எத்தனை சாகின்றன என்பதும் தெரியவரும்.

எனக்குப் பிடித்தது புழுக்கை. புலிக்கு வரி உண்டு, கர்நாடகாவின் நாகரஹொளே காட்டில் எடுத்த கேமராப் படங்களில் ஒவ்வொன்றையும் பிரித்தறிய முடிந்தது. எல்க்குக்கு அந்த வசதி இல்லை. புழுக்கையில் ஒட்டியிருக்கும் டிஎன்ஏதான் அடையாளம். ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியும். மயக்க ஊசி வேண்டாம், விலங்கைத் தொடவே வேண்டாம். புதிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மழையும் வெயிலும் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். ஆய்வகச் செலவும் கையைக் கடிக்கும்.

வேட்டையில் விழுந்த மான்களின் வயதை வைத்து, முந்தைய ஆண்டுகளில் எத்தனை உயிரோடு இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடுவதுதான் மலிவு. ஆனால் வேட்டைக்காரர்கள் பெரிய கொம்பைத் தேடிப் போவார்கள், அதனால் மாதிரி சாயும்.

2001, 2002-இல் மொத்தம் 52 எல்க் மான்களை விட்ட, அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் வேட்டையே கிடையாது, காடும் அடர்த்தி. அங்கே புழுக்கைக்கே என் ஓட்டு. கென்டக்கியின் பரப்பு பெரிது, முழுவதும் புழுக்கை பொறுக்க ஆள் போதாது. அங்கே வேட்டைக் கணக்கை எடுத்துக்கொண்டு, காலர் தரும் சாவு விகிதத்தால் அதைத் திருத்துவதே நடக்கக்கூடிய வழி.