நிறுத்தச் சொன்னால் நிற்க வேண்டும்: பொயின்க் 8.2, ஃபோல்டிங் அட் ஹோம் 8

தன்னார்வக் கணிப்பு மென்பொருள்களை எடைபோட என்னிடம் ஒரே அளவுகோல்தான். நிறுத்து என்றால் நிற்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். வேகமும் அழகும் அதற்குப் பிறகு. திருகோணமலை உவர்மலையில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவளுக்கு வேறு அளவுகோல் எப்படி வரும்? கடலுப்பு ஏறிய விசிறிகளைக் கழற்றித் துடைப்பதே என் வேலையில் பாதி. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மதிய வேளையில் கணினிப் பெட்டியைத் தொட்டாலே கை சுடும். ஐப்பசி வந்தால் பின்னேரங்களில் இடிமின்னல். இந்த ஊரில் ஒரு கணினியை இரவும் பகலும் முழுமூச்சாக ஓடவிடலாம் என்று நினைத்து எழுதப்பட்ட மென்பொருள் எங்களுக்காக எழுதப்பட்டதல்ல.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். விஞ்ஞானிகளின் பெருங்கணக்கைச் சிறு துண்டுகளாக வெட்டி, உலகெங்கும் சும்மா கிடக்கும் கணினிகளுக்கு அனுப்பி, விடையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞையைத் தேட 1999 மே மாதம் தொடங்கிய செட்டி அட் ஹோம் இதைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் அன்டர்சன், கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவாக உருவாக்கியதுதான் பொயின்க். செட்டி 2020 மார்ச் 31 ஆம் திகதியுடன் வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. பொயின்க் இன்றும் வளர்கிறது: 2024 இல் 8.0, 2025 இல் 8.2.

கடையின் மேசைக்கணினியில் வின்டோஸ், பழைய மடிக்கணினியில் லினக்ஸ், பிறகு என் அன்ட்ரொயிட் தொலைபேசி. இந்த மூன்றிலும்தான் பார்த்தேன்.

8.2 ஐத் திறந்ததும் புதிய பதிப்பு என்றே தோன்றாது. தோற்றம் பல ஆண்டுகளுக்கு முந்தியதுதான். எனக்கு அதில் குறையில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது: அமைப்புகளைத் திட்டத்தின் இணையப் பக்கத்திலும் மாற்றலாம், கணினியிலும் மாற்றலாம். ஒருமுறை கணினியில் மாற்றிவிட்டால் அதன் பின் இணையத்தில் எதை மாற்றினாலும் அந்தக் கணினி கேட்காது. உள்ளூர் அமைப்பை நீக்கினால்தான் மறுபடி கேட்கும். இதைப் புதியவருக்கு விளங்கப்படுத்துவதற்குள் அவருடைய ஆர்வம் பாதி வடிந்துவிடும். இத்தனை பதிப்புகள் வந்த பின்னும் இது சரிசெய்யப்படாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

ஆனால் அந்த அமைப்புகளுக்குள் இறங்கிப் பாருங்கள், நம்மைப் போன்ற ஊர்களுக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்ததுபோல் இருக்கும். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை கணக்குப் போடலாம், கிழமைக்கேற்ப அதை எப்படி மாற்றலாம், யாராவது கணினியைப் பயன்படுத்தும்போது நிறுத்த வேண்டுமா, பற்றரியில் ஓடும்போது நிறுத்த வேண்டுமா, எல்லாவற்றையும் தனித்தனியே சொல்லலாம். இணையத்துக்கும் தனியான நேர அட்டவணை உண்டு. இத்தனை நாட்களுக்கு இவ்வளவு தரவுதான் என்று வரம்பும் போடலாம். நள்ளிரவுக்குப் பின் தனியாகத் தரவு தரும் பக்கேஜ் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? என் கணினி பதிவிறக்கமும் பதிவேற்றமும் நள்ளிரவுக்கும் காலை ஏழு மணிக்கும் இடையில் மட்டுமே செய்கிறது. பகலில் இணையம் அறுந்தாலும் சும்மா இராமல், இரண்டு நாளுக்குப் போதுமான வேலையைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரம். அந்த நான்கு மணி நேரமும் என் கணினிகள் கணக்குப் போடுவதில்லை. எவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஊர் முழுவதும் விளக்கேற்றிச் சமைக்கும் நேரத்தில் தொலைவிலுள்ள நட்சத்திரத்துக்காக மின்சாரம் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பொயின்க்கில் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

மின்வெட்டுக்கு வருகிறேன். பொயின்க் வேலைகள் கணக்கு எதுவரை வந்தது என்பதை அவ்வப்போது வட்டில் எழுதிவைக்கும். அறுபது விநாடிக்கு ஒருமுறைக்கு மேல் எழுதாதே என்பது இயல்பான அமைப்பு. அந்த வரம்பை மீறாமல் எப்போது எழுதுவது என்பதை அந்தந்தத் திட்டத்தின் நிரலே தீர்மானிக்கும். பல்சார் என்னும் சுழலும் நட்சத்திரங்களைத் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தின் வேலைகள் இதில் ஒழுங்கானவை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஒரு குரங்கினால் நாடு முழுவதும் இருண்ட ஞாயிற்றுக்கிழமையும், அதைத் தொடர்ந்த மின்வெட்டு நாட்களிலும், மின்சாரம் வந்ததும் அவை விட்ட இடத்துக்குச் சற்று முன்னிருந்து தொடர்ந்தன. அப்போது இருந்தது 8.0. 8.2 இலும் அந்த நடத்தை மாறவில்லை. மெய்நிகர் இயந்திரத்துக்குள், அதாவது கணினிக்குள் மென்பொருளால் அமைத்த இன்னொரு கணினிக்குள், ஓடும் வேலைகள் அப்படியல்ல. செர்ன் என்ற ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு நிலையத்தின் எல்எச்சி அட் ஹோம், அத்தகைய இயந்திரத்தை அமைக்கும் வேர்ச்சுவல்பொக்ஸைப் பெரும்பாலும் நம்பியிருப்பது. திடீரென்று மின்சாரம் அறுந்தால் மணிக்கணக்கான உழைப்பு வீணாகலாம். யூபிஎஸ் இல்லாதவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

யூபிஎஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்னொன்றைச் செய்யுங்கள். தற்காலிகமாக நிறுத்திவைத்த வேலையை நினைவகத்திலேயே வைத்திரு என்றொரு தெரிவு இருக்கிறது. அதைத் தெரிவு செய்யாவிட்டால், நீங்கள் ஒரு கடிதம் தட்டச்சு செய்ய உட்காரும் ஒவ்வொரு முறையும் கடைசியாக எழுதிவைத்த இடத்துக்குப் பின் நடந்த கணக்கு கைவிடப்படும்.

வெப்பத்துக்கும் ஒரு சொல். செயலியை இத்தனை வீத நேரம் மட்டும் பயன்படுத்து என்ற அமைப்பைப் பலர் குறைத்துவைப்பார்கள். அது செயலியை ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்தித்தான் சராசரியைக் குறைக்கும். விசிறி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைவிட எத்தனை கோர், அதாவது செயலிக்குள் இருக்கும் தனித்தனிக் கணிப்புப் பகுதிகளில் எத்தனை, என்பதைக் குறையுங்கள். நான்கு கோர் இருந்தால் இரண்டு போதும். வெப்பம் ஒரே அளவில் நிற்கும்.

8.2 இன் பெரிய புதுமை டொக்கர் ஆதரவு. டொக்கர் என்பது ஒரு நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் கொள்கலன் என்ற ஒரே பொதியாக அடைத்து ஓட்டும் கருவி. இதுவரை ஒரு விஞ்ஞானி தன் நிரலை வின்டோஸுக்கு ஒன்று, மக்குக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று என்று தனித்தனியே கட்ட வேண்டியிருந்தது. நிரலாளர் பலர் உள்ள பெரிய ஆய்வகத்தால் அது முடியும். இரண்டு மாணவர்களை வைத்திருக்கும் பேராசிரியரால் முடியாது. இனி லினக்ஸில் ஓடும் நிரலை ஒரு கொள்கலனில் அடைத்து அனுப்பினால் போதும், எந்தக் கணினியிலும் ஓடும். சின்னத் திட்டங்களுக்கு வாசல் திறந்திருக்கிறது, அதை மனமார வரவேற்கிறேன். ஒருநாள் எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இங்குள்ள நோய்க்கோ மழைக்கோ ஒரு கணக்கைத் தொடங்கினால், இந்த வாசலால்தான் வரும் என்று நம்புகிறேன்.

நம் பக்கத்தில் அதற்கு ஒரு விலை உண்டு. வின்டோஸில் டபிள்யூஎஸ்எல் வேண்டும். அதாவது வின்டோஸுக்குள் ஒரு சிறு லினக்ஸ். வட்டில் இடம் வேண்டும், நினைவகம் வேண்டும், கொள்கலன்களைப் பதிவிறக்கத் தரவு வேண்டும். நான்கு ஜிகாபைட் நினைவகத்துடன் என் கடைக்கு வரும் மடிக்கணினிகளுக்கு இது ஏற்றதல்ல. லினக்ஸில் இந்தத் தலையிடி குறைவு. இப்போது பொயின்க் தன் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்றவற்றுக்குப் பொதிகளைத் தருகிறது. அந்தந்த லினக்ஸின் வெளியீட்டாளர் எப்போது புதுப்பிப்பார் என்று பழைய பதிப்புடன் காத்திருக்க வேண்டியதில்லை. என் பழைய மடிக்கணினிக்கு மறுவாழ்வு கொடுத்தது இதுதான்.

தொலைபேசியில் பொயின்க் மிகவும் அடக்கமானது. மின்னூட்டம் ஏறிக்கொண்டிருக்க வேண்டும், பற்றரி 90 வீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், வைஃபை இருக்க வேண்டும், பற்றரியின் வெப்பம் 40 பாகையைத் தாண்டக் கூடாது. இவைதான் இயல்பான நிபந்தனைகள். கச்சான் காலத்து மதியத்தில் என் தொலைபேசி கணக்கே போடுவதில்லை. போடவும் கூடாது.

ஃபோல்டிங் அட் ஹோம் வேறு வகை. 2000 ஆம் ஆண்டு ஸ்ரான்ஃபோர்டில் தொடங்கியது, இப்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கிரெக் போமன் வழிநடத்துகிறார். புரதங்கள் எப்படி மடிகின்றன, அசைகின்றன என்று கணிப்பது. 2020 மார்ச்சில், கொரோனாவுக்காக உலகமே தன் கணினிகளைத் திறந்துவிட்டபோது, எக்ஸாஃப்ளொப், அதாவது விநாடிக்கு நூறு கோடியின் நூறு கோடி மடங்கு கணிப்புகள், என்ற எல்லையைத் தாண்டிய முதல் கணிப்பு அமைப்பாக இது ஆனது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அதன் 8 ஆம் பதிப்பு பழைய 7 ஆம் பதிப்பை முற்றாகக் கழித்துவிட்டு எழுதப்பட்டது. பழைய கட்டுப்பாட்டுச் சாளரம் போய், எல்லாம் இணைய உலாவியில் நடக்கிறது. ஒரு பயனர் கணக்குத் தொடங்கினால் உங்கள் கணினிகள் அனைத்தும் ஒரே பக்கத்தில் தெரியும். இது அருமையான வசதி. மாலையில் வீட்டிலிருக்கும்போது உட்துறைமுகப் பக்கம் மின்னல் வெட்டினால், தொலைபேசியிலிருந்தே கடைக்கணினியை நிறுத்தலாம். பொயின்க்கில் இதற்கு 31416 என்ற போர்ட்டையும் கடவுச்சொல் கோப்பையும் தேடிப் போக வேண்டும். சாதாரண மனிதருக்கு அது ஆகாத காரியம். பொயின்க் உருவாக்குநர்கள் இதை ஃபோல்டிங்கிடமிருந்து கற்க வேண்டும்.

ஆனால் அந்தப் பக்கமே இணையத்திலிருந்து வருவது. இணைப்பு இல்லாத நேரத்தில் என் மேசையிலேயே இருக்கும் கணினியின் நிலையைப் பார்க்க அதை நம்ப முடியாது. கணக்கு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும், எனக்குத் தெரியாது. இணைப்பு நம்பகமான ஊர்களில் இருப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டாக இராது.

ஃபோல்டிங்கை எல்லோருக்கும் நான் பரிந்துரைக்காததற்கு இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. ஐன்ஸ்டைனில் ஒரே துண்டை இரண்டு பேருக்காவது அனுப்பி விடைகளை ஒப்பிடுவார்கள். ஒருவர் தாமதித்தால் இன்னொருவருக்குப் போகும், மற்ற வேலைகள் தடைப்படா. ஃபோல்டிங் ஓர் அஞ்சல் ஓட்டம். ஒரு புரதத்தின் அசைவை ஒருவர் கணித்து அனுப்பிய பின்தான் அதன் அடுத்த துண்டு உருவாகும். நான் தாமதித்தால் எனக்குப் பின்னால் அந்தச் சங்கிலி நிற்கிறது. முதற்காலக்கெடு கடந்தால் வேறொருவருக்கு மறுபடி அனுப்புவார்கள். இரண்டாவதும் கடந்தால் என் உழைப்பு பயனற்றது. விரைவாக முடிப்போருக்குக் கூடுதல் புள்ளி தருவதும் இதனால்தான். ஒரு நாளில் பாதி நேரம் மட்டும் ஓடும், கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கணினிக்கு இது பொருத்தமான இடமல்ல. நல்ல கிராபிக்ஸ் கார்டும் தடையற்ற மின்சாரமும் உள்ளவர்கள் யோசிக்காமல் ஃபோல்டிங்கில் சேருங்கள்.

ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கிளைமேட்பிரடிக்ஷன் திட்டத்தில்தான் எனக்கு உள்ளூர ஆசை. 1964 மார்கழிப் புயல் கடந்த ஊர் இது; காலநிலைக் கணக்கில் எங்களுக்கும் பங்கு வேண்டாமா? ஆனால் அந்த வேலைகள் நீளமானவை, திடீர் நிறுத்தத்தைத் தாங்குவதும் குறைவு. கடைக்கு இன்வேர்ட்டர் போட்டதும் அதில்தான் சேர்வேன்.

உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவன் மடிக்கணினியைத் திருத்த வந்தபோது திரையில் ஓடிய ஐன்ஸ்டைனைப் பார்த்துக் கேட்டான்: "அக்கா, இதற்குக் காசு ஏதும் தருவார்களா?"

"இல்லை தம்பி. புள்ளி தருவார்கள், அவ்வளவுதான்."

"அப்படியென்றால் கரண்ட் பில்?"

அவன் கேட்டது நியாயம், அவனுக்குச் சொன்ன கணக்கை இங்கும் தருகிறேன். முழுச் சுமையில் 100 வொட் எடுக்கும் கணினி பத்து மணி நேரத்தில் ஓர் அலகு எரிக்கும். தினமும் அப்படி ஓடினால் மாதம் 30 அலகு. நம் வீட்டு மின்கட்டணம் 30, 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுவது. அந்த 30 அலகு உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். ஆகவே வீட்டுக்கணினியை இதற்காகவே விழித்திருக்கச் செய்யாதீர்கள். எப்படியும் திறந்திருக்கும் நேரத்தில் இரண்டு கோர் கொடுத்தால் போதும். 2010 இல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் கண்டுபிடித்த முதல் புதிய பல்சாரைப் பிடித்தவை ஐயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும் ஜேர்மனியில் மைன்ஸ் நகரத்தவர் ஒருவருடைய கணினியும்தான். ஆய்வுக்கூடத்து இயந்திரங்கள் அல்ல. அதைச் சொன்னதும் தம்பியின் முகம் மாறியது. தன் கணினியிலும் போட்டுத் தரச் சொன்னான்.

கேட்பவர்களுக்கு நான் போட்டுக்கொடுக்கும் அமைப்பு இது: பொயின்க் 8.2, ஐன்ஸ்டைன் மட்டும், கோர்களில் பாதி, பற்றரியில் ஓடக் கூடாது, மாலை ஆறரை முதல் பத்தரை வரை ஓய்வு, தரவுப் பரிமாற்றம் நள்ளிரவுக்குப் பின், நிறுத்திய வேலை நினைவகத்தில். இரண்டாவது திட்டம் வேண்டுமென்றால் வேர்ல்ட் கொம்யூனிட்டி கிரிட். 2004 இல் ஐபிஎம் தொடங்கி, 2021 இல் ரொறொன்ரோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனத்துக்குக் கைமாறியது. புற்றுநோய்க் குறிகளைத் தேடும் வேலை அங்கே உண்டு. கைமாறிய பின் வேலை வராத நீண்ட இடைவெளிகள் இருந்திருக்கின்றன, அதனால் அதைத் தனியே நம்பாமல் ஐன்ஸ்டைனுடன் சேர்த்தே போடுகிறேன். நிறுவுவதற்குக் கூலி வாங்குவதில்லை. விசிறியைத் துடைத்துத் தெர்மல் பேஸ்ட் பூசுவதற்கு மட்டும் வாங்குவேன், அதைச் செய்யாமல் எந்தக் கணினியிலும் இதை ஓடவிட மாட்டேன்.