லாஸ் வேகாஸ் லூ ரூவோ மையம்: குத்துச்சண்டை வீரர்களுக்கான மூளைநலப் பரிசோதனை

நாக் அவுட் ஆனவரின் முகவீக்கம் சில நாள்களில் வடிந்துவிடும். மூளை தேறிவிட்டதா என்பது வெளியே தெரியாது. அதைக் கண்காணிக்க அமெரிக்க மருத்துவமனையான கிளீவ்லாண்ட் கிளினிக்கின் இந்த மையம் 2011 முதல் சண்டை வீரர்களைக் கட்டணமின்றி ஆண்டுதோறும் பரிசோதித்து வருகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுடன் நினைவாற்றல், எதிர்வினை வேகம், பேச்சு, மனநிலை ஆகியவற்றையும் பதிவு செய்து, அவ்வீரரின் முந்தைய ஆண்டு முடிவுகளோடு ஒப்பிடுவதே இச்சேவையின் பெருஞ்சிறப்பு.

ஆனால் இது ஆய்வுத் திட்டமே. முழுமையான சிகிச்சை அன்று. 2012 டிசம்பரில் மெக்சிகோ வீரர் மார்க்கெஸின் ஒரே குத்தில் முகங்குப்புற விழுந்த பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டை வீரர் பாக்கியாவ் மீண்டும் மேடையேற ஏறத்தாழ ஓராண்டு ஆனது. அத்தகைய இடைவெளியில் வாட்டும் உறக்கமின்மையையும், முதல் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) குத்து வருமுன்னே கண்ணை மூடவைக்கும் அச்சத்தையும் போக்க உளவியல் ஆலோசகர் தனியே தேவை. அக்குறை இருப்பினும், தொழில்முறை வீரர்களுக்கு இதை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.