கார்டியன், டைம்ஸ்: ஆசிரியரை நீக்கும் அதிகாரம் யார் கையில்?

ஒரு நாளிதழை எடை போட நான் முதலில் பார்ப்பது அதன் தலையங்கத்தை அல்ல. அதன் ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான். பிரிட்டனின் இரண்டு பெரிய தேசிய நாளிதழ்களான டைம்ஸையும் கார்டியனையும் இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் நிறைய விஷயம் புரியும்.

டைம்ஸ் 1785-ல் தொடங்கியது. 1981-ல் ஊடக முதலாளி ரூபர்ட் முர்டோக் அதை வாங்கியபோது ஏகபோகத் தடுப்பு ஆணையத்தின் விசாரணைக்கு அனுப்பாமலேயே அரசு ஒப்புதல் கொடுத்தது. அதற்கு ஈடாகச் சில உறுதிமொழிகளை எழுதி வாங்கிக்கொண்டது. சுயேச்சை இயக்குநர்கள் சம்மதிக்காமல் ஆசிரியரை நியமிக்கவோ நீக்கவோ கூடாது என்பது அவற்றில் முக்கியமானது. காகிதத்தில் பலமான பாதுகாப்புதான். ஆனால் நடந்தது வேறு. தாலிடோமைடு மருந்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக சண்டே டைம்ஸில் போராடிப் பேர் வாங்கிய ஹெரால்டு எவன்ஸ் டைம்ஸின் ஆசிரியராக வந்தார். முர்டோக்கோடு மோதல் முற்றி, 1982 மார்ச்சில் பதவி விலகினார். ஓராண்டுதான் தாக்குப்பிடித்தார். முதலாளிக்கு வேண்டாதவராகிவிட்ட ஆசிரியரை எந்த உறுதிமொழியும் நெடுநாள் காப்பாற்றாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அந்த உறுதிமொழிகளிலிருந்தும் 2022-ல் முர்டோக்கின் நிறுவனத்தை அரசு விடுவித்துவிட்டது. 2023-ல் முர்டோக் ஒதுங்க, தலைமை மகன் லாக்லனிடம் போனது.

கார்டியனும் ஒரு காலத்தில் குடும்பச் சொத்துதான். 1821-ல் மான்செஸ்டரில் பிறந்த அந்தப் பத்திரிகைக்கு 57 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர் சி. பி. ஸ்காட். 1932 ஜனவரியில் அவர் இறந்தார். நான்கே மாதங்களில், அப்போது ஆசிரியராக இருந்த மகன் எட்வர்டும் படகு விபத்தில் போய்விட்டார். அடுத்து இன்னொரு சாவு விழுந்தால் வாரிசு வரி கட்டவே பத்திரிகையை விற்க வேண்டிவரும் என்ற நிலை. மிஞ்சிய மகன் ஜான் ஸ்காட் 1936-ல் தன் பங்குகளை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார். தனக்கு வரவேண்டிய சொத்தை ஒரு மனிதர் இப்படிக் கைவிட்டார் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. 2008-ல் அது ஸ்காட் டிரஸ்ட் என்ற நிறுவனமாக மாறியது. லாபம் யார் பைக்கும் போவதில்லை. ஆசிரியரை நியமிப்பது டிரஸ்ட்தான். 2015-ல் கேத்தரின் வைனர் தேர்வானபோது அதற்கு முன் ஊழியர்களிடமும் வாக்கெடுப்பு நடந்தது.

அதற்காக டிரஸ்ட் செய்வதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். சகோதர ஞாயிறு இதழான அப்சர்வரை டார்ட்டஸ் மீடியாவுக்கு விற்க 2024-ல் முடிவெடுத்தபோது பத்திரிகையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விற்பனை நிற்கவில்லை. டிரஸ்ட்டின் முடிவையும் உள்ளே இருப்பவர்களால் தடுக்க முடியாது.

வாசகர் விஷயத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயின. டைம்ஸ் 2010-ல் இணையதளத்துக்குக் கட்டணக் கதவு போட்டது. கார்டியன் கதவைத் திறந்தே வைத்து, கட்டுரையின் அடியில் ‘எங்களை ஆதரியுங்கள்’ என்று கேட்கிறது. அச்சுப் பிரதிகள் இரண்டுக்கும் தேய்ந்துவிட்டன. கடைசியாக வெளியான, தணிக்கையாளர் சரிபார்த்த விற்பனை எண்ணிக்கை டைம்ஸுக்கு 2020-ல் சுமார் 3.65 லட்சம், கார்டியனுக்கு 2021-ல் சுமார் 1.05 லட்சம். அதன்பின் இரண்டுமே எண்ணிக்கையை வெளியிடவில்லை. பணம் கொடுக்க முடியாதவரும் படிக்கலாம் என்பதால் என் மனம் கார்டியன் பக்கம் சாய்கிறது.

பத்திரிகைகளைத் தட்டிக்கேட்கும் கட்டுப்பாடு என்று வரும்போதுதான் எனக்குத் தராசு ஆடுகிறது. கொலையுண்ட ஒரு சிறுமியின் கைபேசிக் குரலஞ்சலை நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு ஒட்டுக்கேட்டதை 2011-ல் கார்டியன் அம்பலப்படுத்தியது. முர்டோக்கின் அந்த இதழ் மூடப்பட்டது. பத்திரிகைகளின் நடத்தையை ஆராய நீதிபதி லெவிசன் தலைமையில் விசாரணை வந்தது. பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரித்த பழைய ஆணையம் போய், 2014-ல் அதே வேலைக்கு இப்சோ என்ற அமைப்பு வந்தது. டைம்ஸ் அதில் உறுப்பினர், கார்டியன் சேரவில்லை. இப்சோவுக்குப் பணம் கொடுப்பதே பத்திரிகை நிறுவனங்கள்தான். ஆகவே அதை முழுச் சுதந்திரமான அமைப்பு என்று நான் ஏற்கவில்லை. ஆனாலும் 10 லட்சம் பவுண்டு வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. திருத்தம் வெளியிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியும்.

கார்டியனில் வாசகர்களின் புகார்களை விசாரிக்க 1997 முதல் வாசகர் ஆசிரியர் என்று ஒருவர் இருக்கிறார். அவரை நீக்கும் உரிமை ஆசிரியருக்குக் கிடையாது, டிரஸ்ட்டுக்கு மட்டுமே. இணையக் கட்டுரையின் கடைசியில், இன்ன தேதியில் இன்ன வரி திருத்தப்பட்டது, முன்பு இப்படி இருந்தது என்று சிறு குறிப்பு இருக்கும். ஒரு பெயரின் எழுத்துப்பிழைக்குக்கூட அப்படிக் குறிப்பு போடுகிறார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் வாசகர் ஆசிரியரின் தீர்ப்பு தவறு என்று நினைப்பவர் மேல்முறையீடு செய்வதும் கார்டியனே அமைத்த குழுவிடம்தான். செய்தியால் காயப்பட்டவருக்கு அந்த வீட்டுக்கு வெளியே முறையிட ஒரு வாசல் வேண்டும். உரிமை அமைப்பில் கார்டியனையே தேர்ந்தெடுப்பேன். புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் நான் நின்றால், குறைகளோடும் இப்சோவின் வாசலைத்தான் தட்டுவேன்.