காப்பீட்டு அட்டை இருந்தும் ஆன செலவு

துபாயிலிருந்து லீவில் பெரியபட்டினம் வந்திருந்தபோது மச்சானுக்கு, அதாவது லாத்தா (அக்கா) மாப்பிள்ளைக்கு, நெஞ்சுவலி வந்துவிட்டது. மண்டபத்தில் விசைப்படகுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில்தான், அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணமும் கடனுமாக ஓடுகிற குடும்பம்.

108-இல் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். 2022-இல் அது மருத்துவக் கல்லூரி ஆனதிலிருந்து எவ்வளவோ மாறியிருக்கிறது. ஈசிஜி, ஊசி, மாத்திரை எதற்கும் காசு கேட்கவில்லை, டாக்டரும் பொறுமையாகப் பேசினார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஆஞ்சியோ பார்க்க வேண்டும் என்றதும் சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, முதலமைச்சர் காப்பீட்டில் பதிவான மதுரை தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போக முடிவானது. 100 கிலோமீட்டருக்கு மேல், வண்டி வாடகை நம் கையில்.

அங்கே கவுண்டரில், "அட்டையை அப்புறம் பார்க்கலாம், முதல்ல அட்வான்ஸ் கட்டுங்க" என்றார்கள். லாத்தா காதுத்தோட்டில் கை வைத்துவிட்டார். இது பெரிய அநியாயம். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை பணமே கட்டாமல் சிகிச்சை தரத்தான் அந்தத் திட்டம். காப்பீட்டுப் பிரிவு ஆளைத் தேடிப் பிடித்து, 1800 425 3993-க்குப் புகார் சொல்லப் போகிறேன் என்று நின்ற பிறகுதான் அட்டையை வாங்கினார்கள். அனுமதி வந்தது, அடைப்பு இருந்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள், அதற்கு ஒரு ரூபாய் இல்லை. ஆனால் அனுமதி வருவதற்கு முன் எடுத்த டெஸ்டுகள், வெளியே வாங்கிய மருந்து, கூட இருந்தவர்களுக்கு லாட்ஜ், சாப்பாடு, திரும்பி வர வண்டி எல்லாம் கைக்காசுதான். வட்டிக்கு வாங்குவது இதற்குத்தான்.

வீடு திரும்பிய பிறகுதான் இன்னொரு பயம். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது, கையில் காசு இல்லாத மாதத்தில் மச்சான் முதலில் நிறுத்தப்போவது அதைத்தான். அரசு ஆஸ்பத்திரியில் சீட்டைக் காட்டி மாதாமாதம் இலவசமாக வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கூடவே போய்ப் பதிந்துவிட்டு வந்தேன். உம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு அம்மா வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார், அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஒரே ஒரு வருத்தம், வருஷ வருமானம் 1,20,000-க்குள் இருந்தால்தான் முதலமைச்சர் அட்டை. மாதம் 10,000 என்பது இன்றைக்கு எந்த மூலைக்கு? மகன் சவூதியில் இருக்கிறான் என்று ஒதுக்கப்படும் வீடுகளில், அவன் வேலை போய்ப் பணம் வராமல் நிற்கிற வீடுகளும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் பெற்றோருக்குத் தனியாகப் பாலிசி எடுப்பதானால் நோய் வருவதற்கு முன்பே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்க வைப்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது. வரம்புக்குள் வருகிற குடும்பம் என்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த லீவிலேயே கலெக்டர் ஆபீஸ் போய்ப் பதிந்துவிடுங்கள்.