காது குத்திய குழந்தை: தத்தெடுக்கக் காத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்ற வாரம் டாலஸில் வசிக்கும் ஒரு தமிழ்த் தம்பதி எங்களுக்கு ஒரு படம் அனுப்பினார்கள். "இந்தக் குழந்தையைப் பற்றி ஊரில் யாரிடமாவது விசாரிக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார்கள். படத்தைத் திறந்ததும் என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மஞ்சள் துணி, கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு, இரண்டு காதிலும் சின்னத் தோடு. பத்து மாதங்களுக்கு முன் அதே படத்துக்கு நாங்கள் ஒரு பெயர் வைத்திருந்தோம். வெளியே சொன்னால் வெட்கம் என்று இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தோம். இனியும் மூடிக்கொண்டிருப்பது சரியில்லை.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள். இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க, முறையான நிறுவனம் வழியாகப் பதிவு செய்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பதிவு செய்த வாரமே ஒரே இரவில் தொட்டிலைப் பூட்டி முடித்தேன். இப்போது அதில் இஸ்திரி போட வேண்டிய துணிகள் கிடக்கின்றன. வேறு மாநிலத்தில் கிடைத்த பதவி உயர்வை மனைவி வேண்டாம் என்றாள். வீடு மாறினால், தத்தெடுப்பவர்களின் வீட்டையும் நிலையையும் பார்த்து எழுதும் குடும்ப ஆய்வறிக்கையை மறுபடியும் திருத்த வேண்டும். பனி தள்ளுகிறோம், வரி கட்டுகிறோம், கொலு வைத்து அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குச் சுண்டல் கொடுக்கிறோம். கும்பகோணத்திலிருந்து அம்மா ஞாயிறுதோறும் "ஏதாவது தகவல் வந்ததா தம்பி?" என்று கேட்பார். ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டபோது எரிச்சல் வந்தது. நிறுத்தியபோது அழுகை வந்தது.

இந்த நிலையில்தான், மாயவரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பெரியப்பா மகன் ஒருவரை அழைத்து வந்து அறிமுகப்படுத்தினான். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, நெற்றியில் கீற்றாகத் திருநீறு. சமூக நலத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவராம். அன்று அவர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மூன்று ஆண்டுகளில் எந்த அலுவலகத்திலும் யாரும் எங்களிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை. பந்தி முடிந்து கை கழுவும்போது ஒரே ஒரு வரி சொன்னார்: "வரிசை கணினியில் இருக்கிறது சார். கணினியை இயக்குவது மனிதன்தானே?"

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அந்த வரியைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும்.

நடைமுறை என்ன என்பது எனக்குத் தெரியாததும் அல்ல. இந்தியாவில் அநாதையாகவோ கைவிடப்பட்டோ ஒப்படைக்கப்பட்டோ வந்த குழந்தைகளின் தத்தெடுப்பை மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராதான் நடத்துகிறது. பதிவு, மூப்பு வரிசை, குழந்தையின் விவரம் காட்டுவது எல்லாம் அதன் இணையதளத்தில்தான். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதை முறைப்படுத்தும் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2003 முதல் உறுப்பு நாடு. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு இங்குள்ள அங்கீகாரம் பெற்ற நிறுவனமே வழி; அங்கே இருக்கும் இல்லத்தோடு நேரடியாகப் பேரம் பேச இடமே இல்லை. 2023-24ஆம் ஆண்டில் நாடு முழுவதும் காரா வழியாகத் தத்துப் போன குழந்தைகள் 4,009. அவர்களில் வெளிநாடுகளுக்குப் போனவர்கள் 449 பேர். காத்திருக்கும் பெற்றோரோ பல்லாயிரம். வரிசை நகராததற்கு யாருடைய சோம்பலும் காரணமில்லை, கணக்கே அப்படித்தான். இதையெல்லாம் நண்பர்களுக்கு நானே விளக்கியிருக்கிறேன். ஆனாலும் விழுந்தேன்.

நியூ ஜெர்சி திரும்பிய பத்தாம் நாள் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. பெண் குழந்தை, நான்கு மாதம், வளர்க்க முடியாத குழந்தையை அரசிடம் விட்டுச்செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டத்தில் பத்து நாளைக்கு முன் விடப்பட்டதாம். 1992இல் சேலத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பெயரைத் தமிழ்நாட்டில் யாரும் சந்தேகப்படுவதில்லை. அரசுத் திட்டத்தின் பெயருக்குள் தன் பொய்யைப் பத்திரமாக வைத்துவிட்டார் மனிதர். முதலில் 'கோப்பு நகர்த்த' 75,000 ரூபாய். இரண்டு வாரம் கழித்து, குழந்தைக்கு மூச்சுத் திணறல், தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்று 1,40,000 ரூபாய். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. பின்னணியில் ஏதோ இயந்திரம் 'பீப் பீப்' என்று ஒலித்தது. எந்த மருத்துவமனை என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. அம்மாவின் கணக்கிலிருந்து அப்போதே அனுப்பச் சொன்னோம். அந்த மாதம் அவர் மருந்து வாங்கப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது முறை கேட்டது 3,00,000 ரூபாய். இந்த முறை பேச்சே வேறு. "நீதிமன்றத்தில் நம் ஆள் இருக்கிறார், உத்தரவு வாங்கிவிடலாம். இல்லையென்றால் இன்னும் சுலபம். உங்கள் இருவரையும் பெற்றவர்களாகக் காட்டி நேராகப் பிறப்புச் சான்றிதழே எடுத்துவிடலாம்" என்றார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு "இது திருட்டு இல்லையா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்களைக் காப்பாற்றியது அம்மா. நலமாகி வீடு திரும்பிய குழந்தை என்று அந்த மனிதர் அனுப்பிய இரண்டாவது படத்தை அவருக்கும் அனுப்பியிருந்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர் தொலைபேசியில் கேட்டார்: "ஏன் தம்பி, முதல் படத்தில் காது குத்தியிருக்கிறது. இதில் குத்தவில்லையே. குத்தின காது ஒரு மாதத்திலா தூர்ந்துபோகும்?"

மூன்று ஆண்டுகளாகக் காரா விதிகளைப் படித்தவன் நான். அம்மா எட்டாம் வகுப்பு.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. பெற்றவர்களே குழந்தையை ஒப்படைத்தாலும், மனம் மாறித் திரும்பி வர அவர்களுக்குச் சட்டம் 60 நாள் தருகிறது. அதன் பிறகுதான் குழந்தைகள் நலக் குழு, அந்தக் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று அறிவிக்க முடியும். பத்து நாள் முன்பு வந்த குழந்தையை யாரும் யாருக்கும் காட்டவே கூடாது. நீதிமன்ற உத்தரவு என்பதும் பழைய கதை. 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு உத்தரவு தருபவர் மாவட்ட ஆட்சியர். ஓய்வு பெற்ற அந்த 'அதிகாரி'க்கு இது தெரிந்திருக்கவில்லை, தெரிந்த நானும் கவனிக்கவில்லை. பொய்ப் பிறப்புச் சான்றிதழ் விஷயமோ பணம் போவதோடு முடிவதில்லை. குழந்தையை விற்பதும் வாங்குவதும் சிறார் நீதிச் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல். விற்றவனுக்கு மட்டும் அல்ல, வாங்கியவனுக்கும்தான். விசா நேர்காணலில் மரபணுச் சோதனை கேட்டால் அந்தச் சான்றிதழ் அங்கேயே கிழிந்துவிடும். குழந்தை எங்கோ ஒரு நாட்டில் யாருமில்லாமல் நிற்கும்.

2019இல் ராசிபுரத்தில் ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைக்கு விலை சொல்லும் ஒலிப்பதிவு வெளியானது நினைவிருக்கும். ஆணா பெண்ணா, என்ன நிறம் என்று பார்த்து விலை. அப்போது "எப்படித்தான் வாங்க மனம் வருகிறதோ" என்று நானும் பேசியவன்தான். எப்படி வருகிறது என்று இப்போது தெரியும். விலையாகவே அது காதில் விழுவதில்லை. 'செலவு' என்பார்கள், 'கோப்பு' என்பார்கள், 'மருத்துவம்' என்பார்கள்.

புகார் கொடுத்தோம். இணையக் குற்றங்களுக்கான 1930 எண்ணில் பேசியபோது, பணம் போன உடனே அழைத்திருந்தால் கணக்கை முடக்க வாய்ப்பு இருந்திருக்கும் என்றார்கள். நாங்கள் அழைத்தது ஏழு வாரம் கழித்து. படங்களையும் அந்த மனிதரின் எண்ணையும் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் தெரிவித்தோம். காவல் நிலையத்தில் அம்மாவை மூன்று முறை அலையவிட்டு, நான்காவது முறை ரசீது கொடுத்தார்கள். பெரியப்பா மகன் எங்களோடு பேசுவதில்லை. குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டோமாம். அவனுக்குத் தரகு கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று நூலிழையில் தப்பியது. வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க இங்கே குடிவரவுத் துறை எங்களுக்குத் தந்த ஒப்புதலுக்கு ஆயுள் 15 மாதம். அது முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஏழு வாரமும் எங்கள் நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல்களை நாங்கள் திறக்கவே இல்லை. கையில் குழந்தை வந்துவிட்ட நினைப்பில் இருந்தோமே! திறந்தபோது கெடுவுக்கு 11 நாள் இருந்தது. இரவு பகலாக உட்கார்ந்து அனுப்பினோம்.

உங்களிடமும் இப்படி யாராவது வந்தால், பதிவு எண் இல்லாமல் படம் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் நிறுவனத்திடம் சொல்லாதீர்கள் என்கிறார்களா என்று பாருங்கள். எங்களிடம் அந்த மனிதர் அதைத்தான் முதலில் சொன்னார். தனி ஆளின் கணக்கில் பணம் போடச் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சட்டப்படியான கட்டணங்களைக் காராவே வெளியிட்டிருக்கிறது; அதற்கு ரசீது உண்டு.

டாலஸ் தம்பதியிடம் நேற்று இரவு பேசினோம். முதல் தவணையை அவர்கள் ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள், 90,000 ரூபாய். நாங்கள் சொன்னதை முழுவதும் நம்பினார்களா என்று தெரியவில்லை. இணைப்பைத் துண்டிக்கும் முன் அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியென்றால் படத்தில் இருக்கும் குழந்தை யாருடையது?"

காவல் நிலையத்தில் நாங்களும் அதைத்தான் கேட்டிருக்கிறோம். இதுவரை பதில் வரவில்லை.