முதல் லென்ஸ்: 50 வாங்க முதல் அறையை அளந்து பாருங்கள்

கமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் போதாது என்று தோன்றியதும், திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் வரும் பதில் "50 மி.மீ. எஃப் 1.8 எடுங்கோ" என்பதுதான். (மி.மீ. என்பது லென்ஸின் குவியத்தூரம்: எண் கூடினால் படத்துக்குள் அடங்கும் அகலம் குறையும். எஃப் என்பது லென்ஸின் திறப்பு: எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்.) கெனன் கமராவுக்கான அந்த எஸ்.டி.எம். (ஒரு வகை ஃபோகஸ் மோட்டர்) லென்ஸை இங்குள்ள வீடுகளிலும் கோயில் வீதிகளிலும் கடற்கரையிலும் நீண்ட காலம் பாவித்த பிறகு சொல்வது இது: லென்ஸ் அருமையானது. ஆனால் வீட்டையும் பிள்ளைகளையும் எடுக்கக் கமரா வாங்கியவர் அதை இரண்டாவதாகத்தான் வாங்க வேண்டும்.

காரணம் தூரக்கணக்கு. தொடக்கநிலை கெனன் கமராக்களின் சென்சர் (படம் பதியும் சில்லு) ஏறத்தாழ 22.3 மி.மீ. அகலம். அதில் 50 மாட்டி 3 மீற்றர் தள்ளி நின்றால், படத்துக்குள் அடங்குவது 1.34 மீற்றர் அகலம். பத்தடி அறையில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் கேக்கைச் சுற்றி நிற்கும் நாலு பிள்ளைகளில் இரண்டு பேர் வெளியே போய்விடுவார்கள். ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க, கமராவை நிமிர்த்திப் பிடித்தும் நாலு மீற்றர் பின்னுக்குப் போக வேண்டும். அதே 3 மீற்றரில் கெனனின் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்.டி.எம். 2.8 மீற்றர் அகலத்தை எடுக்கும். எடை 125 கிராம்தான். 16 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகலாம் என்பதால் வாசல் கோலம், பூ, சாப்பாட்டுக் கோப்பை எல்லாம் அதிலேயே முடியும். 50 மி.மீ. லென்ஸுக்கு 35 சென்ரிமீற்றர் தேவை.

நிகோன் வைத்திருப்பவர்களுக்கு 35 மி.மீ. எஃப் 1.8 ஜி டி.எக்ஸ். இன்னும் நல்ல இடத்தில் நிற்கிறது: 3 மீற்றரில் 2 மீற்றர் அகலம், வெளிச்சமும் தாராளம். அங்கே ஒரு பொறி உண்டு. விலை குறைவென்று பழைய 50 மி.மீ. 1.8 டி வாங்கினால், டி3000, டி5000 வரிசைக் கமராக்களில் ஓட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. அந்த லென்ஸுக்குள் மோட்டர் இல்லை, அந்தக் கமராக்களுக்குள்ளும் இல்லை. பெயரின் கடைசியில் "ஜி" இருக்கிறதா, முன்னால் "ஏ.எஃப்.-எஸ்." இருக்கிறதா என்று பாருங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். ஏற்கெனவே எடுத்த நூறு படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றின் விபரத்திலும் குவியத்தூரம் எத்தனை என்று எண்ணுங்கள். பெரும்பாலானவை 18க்கும் 28க்கும் இடையில் இருந்தால் 50 உங்களுக்குச் சரிவராது. சந்தேகம் தீராவிட்டால் கிட் லென்ஸின் வளையத்தை 24இல் நிறுத்தி ஒட்டுநாடா ஒட்டி ஒரு கிழமை எடுங்கள், அடுத்த கிழமை 50க்குக் கிட்ட. எந்தக் கிழமை அதிகம் தவித்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

50 வெல்லும் இடம் இருட்டு. கிட் லென்ஸ் 55இல் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 அதைவிடப் பத்து மடங்குக்குக் கிட்ட வெளிச்சம் தரும். பத்திரகாளி அம்மன் கோயில் வெளிவீதியில் பூசை முடிந்து வருபவர்களைக் கிட் லென்ஸில் 1/15 செக்கனில் எடுத்தால் முகம் கலங்கும். அதே ஐ.எஸ்.ஓ.வில் (வெளிச்சத்துக்கான சென்சரின் உணர்திறன் அளவு) 50 மி.மீ. 1/125 தரும். (உள்ளே படம் எடுக்கலாமா என்பதைக் கோயிலாரிடம் கேட்டுவிட்டே கமராவை வெளியே எடுங்கள்.) ஆனால் 2 மீற்றரில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர்தான். அம்மா தெளிவு, அரையடி பின்னால் நிற்கும் மகள் கலங்கல். "லென்ஸ் பழுது" என்று திருப்பிக் கொடுக்க வருபவர்களில் பலருடைய சிக்கல் இதுதான். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைத் தெரிவு செய்து கிட்ட இருக்கும் கண்ணில் வையுங்கள். இரண்டு பேர் என்றால் எஃப் 4க்குப் போய் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுங்கள். இன்னொன்று, இந்த 50இல் அதிர்வுக் கட்டுப்பாடு (ஐ.எஸ்.) கிடையாது. அசையாத கோபுரத்தை இரவில் கையில் பிடித்து எடுக்க, ஐ.எஸ். உள்ள கிட் லென்ஸே மேல்.

உப்புவெளியில் காலையில் கடல் பக்கமிருந்து சூரியன் எழும். கரைவலை இழுப்பவர்களை எதிர் வெளிச்சத்தில் எஃப் 1.8இல் எடுத்தால் கயிற்றின் ஓரத்தில் ஊதாக் கோடு விழும். எஃப் 4 தாண்டியதும் பெரும்பாலும் மறைந்துவிடும். ஃபோகஸ் செய்யும்போது லென்ஸின் முன்குழாய் வெளியே நீளும். மணலும் உப்பும் ஒட்டுவது அங்கேதான், தட்டுப்பட்டால் மோட்டர் அடிபடுவதும் அங்கேதான். ஈ.எஸ்.-68 ஹூட்டை (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு வளையம்) மாட்டியே வைத்திருங்கள். உப்புத் துமி பட்ட கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும். முதலில் புளோவரால் ஊதுங்கள், பிறகு லென்ஸ் திரவத்தில் லேசாக நனைத்த துணியால் நடுவிலிருந்து வெளிநோக்கித் துடையுங்கள். புறாத்தீவுக்குப் படகில் போகும்போது லென்ஸ் மாற்றவே வேண்டாம். அந்த நாளுக்கு 18-55 போதும்.

பிரெட்ரிக் கோட்டை மான்களுக்காக 55-250 மி.மீ. தூர லென்ஸ் வாங்க வேண்டியதில்லை, அவை ஆட்களுக்குக் கிட்ட வரும். திமிங்கிலம் பார்க்கப் போகிறவர் வாங்கலாம்.

மாரியில் லென்ஸுக்குள் பங்கஸ் (பூஞ்சணம்) வரும். தோல் உறைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டுவதுதான் அதற்கு நல்ல தீனி. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி, இவை போதும். 40 முதல் 50 வீதத்துக்குள் வைத்திருங்கள். அரிசி போடாதீர்கள், தவிடு லென்ஸுக்குள் போகும்.

பாவித்த லென்ஸ் வாங்குவதென்றால் இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கமிருந்து டோர்ச் அடித்து முன்னால் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல் தெரிந்தால் பங்கஸ். நாலைந்து தூசி இருந்தால் படத்தில் தெரியாது. கமராவில் மாட்டி, கிட்டவும் தூரவும் இருபது தடவை மாறி மாறி ஃபோகஸ் செய்யுங்கள். பழைய 50 மி.மீ. 1.8 இரண்டாம் பதிப்பை எஸ்.டி.எம். விலைக்குத் தருவார்கள். பின்வளையம் பிளாஸ்ரிக் என்றால் பழையது, உலோகமும் "எஸ்.டி.எம்." எழுத்தும் இருந்தால் புதியது.